அடுத்த வருஷம் பார்க்கலாம்

கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் 11 வருஷமாக வேலை பார்க்கிறேன். தீபாவளிக்கு முதல் நாள் முதலாளி கவரை நீட்டுவார், கூடவே ஒரு மைசூர்பாகு டப்பா. "சம்பளம் ஏத்துறதுங்க..." என்று இழுத்தால், "ஆர்டரே இல்ல தம்பி, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார். மைசூர்பாகு நன்றாகத்தான் இருக்கும், அதைக் குறை சொல்லக் கூடாது.

நான் சேர்ந்த புதிதில் பட்டறைக்கு எதிரே டீ 8 ரூபாய். இப்போது 15. வடை சுருங்கிவிட்டது, நடுவில் ஓட்டை மட்டும் அதே அளவு. வீட்டுக்காரரோ வருஷம் தவறாமல் வாடகையை ஏற்றுகிறார். அவருக்கு மட்டும் ஆர்டர் குறைவதே இல்லை போல.

சரி, அப்பாவின் பென்ஷனாவது கைகொடுக்கும் என்று பார்த்தால் அங்கேயும் இதே கதை. பி.எஃப். பிடித்த தொழிலாளர்களுக்கான இ.பி.எஸ். என்ற பென்ஷன் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் ஆக்கினார்கள். மில்லில் உழைத்து ஓய்ந்த மனிதருக்கு இன்னும் அதே ஆயிரம்தான் வருகிறது. அதில் ஒரு கேஸ் சிலிண்டர் வாங்கினால் மிச்சம் சுகர் மாத்திரைக்குக்கூடப் பத்தாது.

போன வாரம் பட்டறைக்குக் கம்ப்யூட்டரில் ஓடும் புது சி.என்.சி. மிஷின் வந்து இறங்கியது. மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தார்கள். ஆர்டரே இல்லாத பட்டறைக்கு அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.