‘போர்வீரன் மரபணு’ பற்றி ஒரு திருத்தம்
‘எம்ஏஓஏ மரபணு இருந்தால் வன்முறை ரத்தத்திலேயே ஊறியிருக்கும்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ‘போர்வீரன் மரபணு’ என்பது இந்த எம்ஏஓஏவின் பட்டப்பெயர்; மூளையில் செய்தி கடத்தும் சில வேதிப்பொருள்களைச் சிதைக்கும் நொதியை உருவாக்குவது இதுதான். சரி, அந்த மரபணு எல்லோருக்கும் உண்டு, உங்களுக்கும் எனக்கும்கூட. வேறுபடுவது அதன் செயல்பாட்டின் அளவுதான். 1993இல் மரபியலாளர் ஹான் புருனர் குழு ஆராய்ந்த டச்சுக் குடும்பத்தில், வன்முறையாக நடந்துகொண்ட சில ஆண்களுக்கு அந்த நொதி அறவே வேலை செய்யவில்லை. அது மிக மிக அரிது. குறைவாகச் செயல்படும் வகையோ சர்வ சாதாரணம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது. அத்தனை பேரும் அடிதடிக்காரர்களா என்ன?

நியூசிலாந்தின் டனீடன் நகரில் பிறந்தவர்களைச் சிறுவயதிலிருந்தே தொடர்ந்து கவனித்த ஆய்வின் 2002இல் வெளியான முடிவில், குறைவாகச் செயல்படும் அந்த வகையும் இருந்து, சிறுவயதில் கொடுமைக்கும் ஆளானவர்களிடம்தான் சமூகவிரோத நடத்தை கூடுதலாகத் தெரிந்தது. அப்புறம் வந்த ஆய்வுகள் எல்லாமே அதே முடிவைத் தரவும் இல்லை.