புகை போட்டால் நிபா போகாது

"பதநீரில் நிபா இருக்கு, ஆலமரத்து வௌவால்களைப் புகை போட்டு விரட்டுங்க" என்று எழுதியிருக்கிறீர்கள், அண்ணே. வௌவாலிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நிபா வைரஸ் மரச்சாற்றில் வருவது வங்கதேசக் கதை. அங்கே பனிக்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவி, வடியும் சாற்றைப் பச்சையாகக் குடிப்பார்கள். இரவில் பழந்தின்னி வௌவால் அந்தச் சீவலை நக்குவதைக் கேமரா வைத்தே பார்த்திருக்கிறார்கள். நம் சாயல்குடிப் பக்கம் பனம்பாளையில் சுண்ணாம்பு தடவிய கலயம் கட்டுகிறோம். சுண்ணாம்பு கிருமியைக் கொல்லும் என்று நான் சொல்லவில்லை. கலயத்தை மூடிக் கட்டுவது நல்லதுதான். கருப்பட்டிக்குப் பயமே வேண்டாம், கொதித்துக் காய்ச்சியது.

அப்புறம் அந்தப் புகை. ஆஸ்திரேலியாவில், நிபாவுக்கு நெருங்கிய உறவான, அங்குள்ள பழந்தின்னி வௌவால்கள் சுமக்கும் ஹெண்ட்ரா வைரஸை ஆராய்ந்தவர்கள் 2022இல் சொன்னது வேறு: காடும் இரையும் இழந்த வௌவால்கள் ஊர்ப்பக்கம் ஒதுங்கியபோதுதான் குதிரைகளுக்குத் தொற்று கூடியது. விரட்டினால் உங்கள் கொல்லைச் சப்போட்டாவுக்குத்தான் வரும்.