மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டிப் போகாதீர்கள்

ரஷ் றொக் குழுவின் பாடகர் கெடி லீயின் சுயசரிதையை இரண்டாம் முறை வாசித்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். 'மை எஃபின் லைஃப்', 2023 நவம்பரில் வந்த புத்தகம். வந்த கிழமையே வாங்கிவிட்டேன். ஆனால் அப்போது எந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது, எந்தக் கிற்றாரை எங்கே வாங்கினார், குழுவின் டிரம்ஸ் கலைஞர் நீல் பியர்ட்டின் கடைசி நாட்களைப் பற்றி என்ன சொல்கிறார் என்று தேடித் தேடி அவசரமாக வாசித்தேன். இந்தமுறைதான் முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காக வாசித்தேன்.

எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ரஷ் ரசிகர்கள் சிலர், இசை தெரிந்தவர்கள், இந்தக் குழுவின் பாட்டுகளைத் தாளக்கணக்கோடு வாசித்துக் காட்டக்கூடியவர்கள், புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார்கள். அவர்களைப் பிழை சொல்லவும் முடியாது. இசைக்காக மட்டும் வந்தவர்கள் இதை விட்டுவிட்டு மேலே போகலாம் என்று கெடி லீயே வாசகருக்கு வழி விட்டுத்தான் அந்த அத்தியாயத்தைத் தொடங்குகிறார். ஆனாலும் எனக்கு மனம் கேட்கவில்லை. அந்த மனிதரை உண்மையாகப் பிடித்திருந்தால் தாண்டக்கூடாத பக்கங்கள் அவைதான்.

சரி, அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ரஷ், ரொறன்ரோவின் வடக்கே வில்லோடேல் பகுதியில் 1968இல் தொடங்கிய றொக் குழு. கிற்றார் அலெக்ஸ் லைஃப்சன். 1974 ஜூலை 29இல், கெடி லீயின் 21ஆவது பிறந்தநாளன்று, டிரம்ஸுக்கு நீல் பியர்ட் வந்து சேர்ந்தார். அன்று தொடங்கி 2015 ஓகஸ்ட் 1இல் லொஸ் ஏஞ்சலஸில் நடந்த கடைசிக் கச்சேரி வரை அதே மூன்று பேர்தான். கெடி லீ தாழ்ந்த சுரம் தரும் பேஸ் கிற்றார் வாசிப்பார், பாடுவார், கீபோர்ட்டும் வாசிப்பார், அது போதாதென்று காலடியில் இருக்கும் மூக் டோரஸ் பெடல்களைப் பாதத்தால் அழுத்தி அடிச்சுரமும் கொடுப்பார்.

ரசிகர்கள் அவரைப் புகழும்போது வழக்கமாக இந்தப் பட்டியலைத்தான் சொல்வார்கள், கை ஒன்று செய்கிறது, கால் ஒன்று செய்கிறது, வாய் ஒன்று செய்கிறது என்று. எனக்கும் அது வியப்புத்தான். 2015 ஜூனில் ஏர் கனடா சென்ரரில் மேலே, நன்றாக மேலே, இருந்துகொண்டு முழுக் கச்சேரியும் அவருடைய கால்களையே பார்த்தேன். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது வேறு. மூன்று பேர் மட்டும் உள்ள குழுவில் கிற்றார்காரர் தனியாக மேலே ஏறிப் போனால், பின்னால் சுரக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்க வேறொருவர் இல்லை. அந்த வெளியை பேஸ்தான் நிரப்ப வேண்டும். கெடி லீ அதை வெறும் அடித்தளமாக வைத்திருக்காமல் ஒரு மெட்டாகவே ஆக்கிவிடுவார். எழுபதுகளில் கையில் இருந்த ரிக்கன்பாக்கர் 4001 பேஸ் கிற்றாரின் அந்தக் கூர்மையான, உலோகம் உரசுகிற மாதிரியான ஒலியில் அது தனிக் குரலாகவே கேட்கும். பிறகு, மிச்சிகனில் கலமசூ என்ற ஊரின் அடகுக்கடையில் 200 டொலருக்கு வாங்கிய 1972ஆம் ஆண்டு ஃபென்டர் ஜாஸ் பேஸ். இன்றைக்கு அவரோடு சேர்த்து எல்லோரும் நினைக்கிற கிற்றார் அதுதான். வலது கையைக் கவனித்துப் பாருங்கள், ஒரே விரலால் நகமும் சதையுமாக முன்னும் பின்னும் தட்டுவார். நானும் வருடக்கணக்காக முயற்சி செய்கிறேன், அந்த வேகமும் அந்தத் தெளிவும் ஒன்றாக வருவதேயில்லை.

நான் அவரிடம் வந்து சேர்ந்தது இரவு வேலையில். தொண்ணூறுகளின் கடைசி, ஒரு தொழிற்சாலை, பக்கத்து மெஷினில் நின்றவர் றொக் வானொலியை விடியும்வரை ஓடவிடுவார். அதில் ஒருநாள் பாட்டுவரியே இல்லாத ஒரு இசை வந்தது, தொடக்கத்தில் ஒரு சின்ன மணி ஒலி விட்டுவிட்டு ஏதோ சொல்ல வருவதுபோல. என்ன பாட்டு என்று கேட்டேன். "வை வை ஸெட்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது ரொறன்ரோ விமான நிலையத்தின் குறியீடு. நாங்கள் வந்து இறங்கியபோது பெட்டியில் ஒட்டியிருந்த மூன்று எழுத்து. அந்தச் சீட்டை அம்மா பெட்டியிலிருந்து உரிக்காமல் கனகாலம் வைத்திருந்தா. அந்த மூன்று எழுத்துகளை மோர்ஸ் தந்திமொழியில் தட்டினால் என்ன தாளம் வருமோ, அதுதான் பாட்டின் தொடக்கம். விமானத்தில் வரும்போது வழிகாட்டும் சமிக்ஞையாகக் காதில் விழுந்ததை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1981இல் 'மூவிங் பிக்சர்ஸ்' இசைத்தொகுப்பில் வந்தது. ஊர் திரும்புகிறவர்கள் கேட்ட ஒலி அது, நாங்களோ ஊரை விட்டு வந்து இறங்கியவர்கள், ஆனாலும் அன்றிலிருந்து அது எங்கள் பாட்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன். 2002இல் ரியோ டி ஜெனீரோவில் இதை வாசித்தபோது, சொல்லே இல்லாத பாட்டை மரக்கானா அரங்கம் நிறைந்த கூட்டம் குதித்துக் குதித்துச் சேர்ந்து பாடியது. பதிவு இருக்கிறது, பாருங்கள்.

இனி அந்த மூன்றாம் அத்தியாயம்.

அவருடைய அம்மாவும் அப்பாவும் போலந்து யூதர்கள். பதின்வயதில், ஸ்டரஹோவிட்சே என்ற ஊரில் நாஜிகளின் கட்டாய உழைப்பு முகாமில்தான் சந்தித்தார்கள். அங்கிருந்து அவுஷ்விட்ஸ் வதைமுகாம். அங்கே அப்பா காவலர்களுக்கு லஞ்சம் கொடுத்து அம்மாவுக்குச் சப்பாத்து கிடைக்கச் செய்தார். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். பூவோ கடிதமோ இல்லை, சப்பாத்து. அந்தக் குளிரில், அந்த இடத்தில், காலில் ஏதாவது இருந்தால்தான் நாளைக்கு உயிர் இருக்கும் என்ற நிலைமையில் ஒரு பெடியன் ஒரு பெட்டைக்குக் கொடுக்கக்கூடிய ஆகப்பெரிய பொருள் அது. பிறகு இருவரையும் வேறு வேறு முகாம்களுக்குப் பிரித்துவிட்டார்கள், அவர் டாஹாவ், அவ பேர்கன்-பெல்சன். 1945 ஏப்ரல் 15இல் பிரித்தானியப் படை பேர்கன்-பெல்சனுக்குள் வந்தபோது அம்மா ஜன்னலால் பார்க்கிறா, காவலர்கள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஹிட்லருக்கு வைக்கும் வணக்கத்தைத்தான் இரண்டு கையாலும் வைக்கிறார்கள் என்று நினைத்தாவாம். அவர்கள் சரணடைகிறார்கள் என்பது அவவின் மனதுக்கு எட்டவேயில்லை. வெளியே ஒரு உலகம் இன்னும் இருந்திருந்தால் இதை நடக்க விட்டிருக்குமா, ஆகவே உலகம் முடிந்துபோயிற்று என்றே நம்பியிருந்தா. யுத்தம் முடிந்ததும் அப்பா தேடிக்கொண்டு வந்து அவவைக் கண்டுபிடித்தார். 1946இல், அதே பேர்கன்-பெல்சனில் இடம்பெயர்ந்தோர் முகாமில், கலியாணம் கட்டினார்கள். பிறகு கனடா.

எங்கள் வீட்டில் 1995 ஒக்ரோபரைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலிருந்து எல்லோரும் யுத்தத்தால் இடம்பெயர்ந்து ஒரே இரவில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அதற்கு "அந்த நேரம்" என்று பெயர், அதற்கு மேல் ஒரு சொல் வராது. இரண்டையும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் கெடி லீ வளர்ந்த வீட்டில் அம்மா முகாம் கதைகளைப் பிள்ளைகளுக்கு நேரடியாகச் சொல்லிக்கொண்டேதான் இருந்தா என்று வாசித்தபோது, இப்படியும் ஒரு வீடு இருந்திருக்கிறதே என்று பொறாமை மாதிரி ஒன்று வந்தது.

பெயர்க் கதையும் இங்கேதான் இருக்கிறது. நாஜிகள் கொன்ற தாய்வழித் தாத்தாவின் நினைவாக வைத்த பெயர். ஆங்கிலத்தில் கேரி. அம்மாவின் போலந்து நாக்கில் அது "கெடி" ஆனது. கூட்டாளிகள் அதைக் கேட்டு அப்படியே கூப்பிடத் தொடங்க, பிறகு சட்டப்படியும் அதையே தன் பெயராக்கிக்கொண்டார். இந்த நாட்டுக்கு வந்த எத்தனை பேர் எங்கள் பெயரை மற்றவர்களின் நாக்குக்கு ஏற்றமாதிரி வெட்டிக் கொடுத்தோம்! அவர் அம்மாவின் உச்சரிப்பை எடுத்துக்கொண்டு உலகம் முழுக்க அதைச் சொல்ல வைத்தார்.

அவருக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது அப்பா இறந்துபோகிறார். பதினொரு மாதமும் ஒரு நாளும், காலையும் மாலையும், யூதர்களின் தொழுகைக்கூடத்துக்குப் போய் இறந்தவருக்கான பிரார்த்தனை சொல்ல வேண்டும், சொன்னார். அப்பாவுக்கும் இசை தெரிந்திருக்கிறது, நன்றாகவே வாசித்திருக்கிறார். மகன் கிற்றாரைத் தொட்டதோ அதற்குப் பிறகுதான். பேஸ் வாங்க அம்மாதான் காசு கொடுத்தா, அந்தக் கடனை அவர் சனிக்கிழமைகளில் அம்மாவின் கடையில் வேலைசெய்து கழித்தார். டாக்டராக வருவான் என்று நினைத்த பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டபோது அம்மா உடைந்துபோனா. ஆனால் இசைத்தட்டு வந்ததும் கடை ஜன்னல் முழுக்க மகனின் குழுப் படங்களை ஒட்டினா. இசைத்தட்டு வாங்கக் காசில்லாத பிள்ளைகளுக்குச் சும்மாவே தூக்கிக் கொடுத்தா.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். ரஷ் பாட்டுகளின் வரிகளில் பெரும்பகுதி நீல் பியர்ட் எழுதியவை. நாற்பது வருடமாக கெடி லீ பாடியது நண்பரின் சொற்களை. அம்மாவின் விடுதலைநாள் கதையை அவர் நீலிடம் சொல்ல, நீல் அதிலிருந்து 'ரெட் செக்டர் ஏ' எழுதினார், 1984இல். இடம், காலம், இனம் எதையும் பெயர் சொல்லாத ஒரு முகாம் அது. அம்மா மகனுக்குச் சொல்லி, மகன் நண்பனுக்குச் சொல்லி, நண்பன் எழுதி, மறுபடி மகனின் வாயால் வந்த கதை. அந்தப் பாட்டில் பேஸ் கிற்றாரே கிடையாது. அவர் கீபோர்ட் மட்டும்தான் வாசிக்கிறார். உலகமே பேஸுக்காகக் கொண்டாடும் மனிதர், தன் அம்மாவின் கதையைப் பாடும்போது அந்தக் கருவியைக் கீழே வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் அவர்களுடைய இசை கீபோர்ட் பக்கம் சாய்ந்திருந்தது, காரணம் அவ்வளவுதான் என்று ஒருவர் வாதிடலாம், இருக்கட்டும். மூன்றாம் அத்தியாயத்தை வாசித்த பிறகு என்னால் அதை அப்படி மட்டும் கேட்க முடியவில்லை. அந்த விரல்கள் அதில் இல்லை என்பது காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

அப்படிப் பார்த்தால், தன் சொற்களில் அவர் முழுதாகப் பேசுவது இந்தப் புத்தகத்தில்தான். அம்மாவுக்கு ஞாபகம் தவறத் தொடங்கியதும், 2020 ஜனவரியில் நீல் போனதும்தான் எழுத உட்கார வைத்தன. 2021இல் 95 வயதில் அம்மாவும் போய்விட்டா. நீலுக்கு மூளையில் புற்றுநோய் என்பதை மூன்றரை வருடம் ஒருவருக்கும் சொல்லாமல் காத்தார்கள், அவர் கேட்டுக்கொண்டபடி. நண்பர்களிடம்கூடப் பொய் சொல்ல வேண்டியிருந்ததை, அது எவ்வளவு பாரமாக இருந்தது என்பதை, மறைக்காமல் எழுதியிருக்கிறார். கொக்கேயின் பழக்கத்தையும், ஊர் ஊராகச் சுற்றியதில் மனைவியைத் தனியே விட்டதையும் அப்படித்தான். நடுவில் சுற்றுப்பயணம், இசைத்தொகுப்பு, மறுபடி சுற்றுப்பயணம் என்று போகும் பகுதிகள் நீளம்தான், வைன் பற்றிய பக்கங்களை நானும் வேகமாகப் புரட்டினேன். அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை.

2025 ஒக்ரோபரில் அவரும் அலெக்ஸும் ஜெர்மன் டிரம்ஸ் கலைஞர் அனிகா நீலஸோடு மறுபடி மேடையேறப் போவதாக அறிவித்தபோது, நீல் இல்லாமல் ரஷ்ஷா என்று கோபப்பட்டவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை.

போன ஞாயிறு என் அம்மாவுக்கு அந்தக் கடைப் பகுதியைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்துக் காட்டினேன், சப்பாத்துக் கதையையும். சமையலை நிற்பாட்டிவிட்டுக் கேட்டா. முடிந்ததும், "அந்தத் தாயின்ர கடை எங்க இருந்தது?" என்றா. நியூமார்க்கெட்டில் என்றேன், நெடுஞ்சாலையில் ஏறினால் ஸ்காபரோவிலிருந்து அவ்வளவு தூரமில்லை, ஆனால் இப்போது அங்கே அந்தக் கடை இருக்காது அம்மா என்றேன். "பரவாயில்ல, இடத்தப் பாத்திட்டு வருவம்" என்றா. வருகிற சனிக்கிழமை போகிறோம்.