சோர்ந்துபோனவரை இன்னும் ஓடச் சொல்லாதீர்கள்

"என் ஆவிக்குரிய வாழ்க்கை வறண்டுபோயிருக்கிறது" என்று ஒரு விசுவாசி மனந்திறந்து சொன்னால், பெரும்பாலும் அவருக்குக் கிடைக்கிற ஆலோசனை ஒரே விதமாகத்தான் இருக்கிறது: இன்னும் அதிகமாக ஜெபியுங்கள், உபவாசம் இருங்கள், அடுத்த எழுப்புதல் கூட்டத்திற்குத் தவறாமல் வாருங்கள், முடிந்தால் ஏதாவது ஓர் ஊழியத்தில் உங்களை இணைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் சொல்கிறவர்களின் நோக்கத்தைக் குறைகூற எனக்கு விருப்பமில்லை. அவர்களில் பலர் உண்மையான அக்கறையோடுதான் பேசுகிறார்கள். ஆனாலும், வேலைக்கும் வீட்டுக்கும் போக மிஞ்சுகிற மாலைகளையெல்லாம் ஏற்கெனவே சபைக்குக் கொடுத்துவிட்டு, அதனாலேயே உள்ளுக்குள் ஒன்றுமில்லாமல் போன ஒருவரிடம் இன்னும் ஒரு மாலையைக் கேட்பது எப்படி மருந்தாகும் என்பது எனக்கு விளங்கவில்லை. புத்துயிர் பெறுவதை நாம் முயற்சியின் அளவோடு சேர்த்துக் கட்டிவிட்டோம் என்பதும், அந்தக் கட்டு வேதத்திலிருந்து வந்ததல்ல என்பதும் என் கருத்து.

"வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள், நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்" என்ற வசனத்தை அறியாத கிறிஸ்தவர் இருக்க முடியாது. கடன், நோய், இழப்பு, குடும்பத் துயரம் ஆகியவற்றால் நொந்தவர்களுக்கான அழைப்பாகவே அதை நாம் வழக்கமாக வாசிக்கிறோம். அப்படி வாசிப்பதில் தவறேதும் இல்லை. ஆனால் மத்தேயு அதை எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். 11ஆம் அதிகாரம் இந்த அழைப்போடு முடிகிறது. 12ஆம் அதிகாரம் ஓய்வுநாளைப் பற்றிய சச்சரவோடு தொடங்குகிறது. பசியாயிருந்த சீஷர்கள் கதிர்களைக் கொய்து தின்றதும், சூம்பின கையுடைய மனிதன் ஜெப ஆலயத்தில் குணமானதும், நன்மையாக அல்ல, குற்றமாகவே பரிசேயரின் கண்ணில் பட்டன. பிறகு 23ஆம் அதிகாரத்தில், சுமப்பதற்கரிய பாரமான சுமைகளைக் கட்டி மனுஷர் தோள்களின்மேல் சுமத்திவிட்டு, தங்கள் விரலினாலும் அவற்றைத் தொடாதவர்கள் என்று வேதபாரகரையும் பரிசேயரையும் குறித்து இயேசு வெளிப்படையாகப் பேசுகிறார். இந்த மூன்று இடங்களையும் சேர்த்து வாசிக்கும்போது, அவர் இளைப்பாற அழைத்த கூட்டத்தில் பக்தியினாலேயே களைத்துப்போனவர்களும் இருந்தார்கள் என்பது தெளிவாகிறது. அவர்களிடம் நுகமே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தம்முடைய நுகத்தை ஏற்றுக்கொள்ளச் சொன்னார், அது மெதுவாயும் இலகுவாயும் இருக்கிறது என்றார். ஆகவே ஒருவருடைய கிறிஸ்தவ வாழ்க்கை ஆண்டுக்கணக்கில் அவரை நசுக்கிக்கொண்டே இருக்குமானால், அவர் தோளில் இருப்பது யாருடைய நுகம் என்று கேட்பது விசுவாசக் குறைவாகாது. மனிதர்களின் எதிர்பார்ப்பு, பிறரோடு ஒப்பிடுகிற பழக்கம், "நான் இல்லாவிட்டால் இது நடக்காது" என்ற எண்ணம் ஆகியவையெல்லாம் கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிக்கொண்டே தோளில் வந்து ஏறக்கூடியவை.

இந்த விஷயத்தில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். கர்மேல் மலையில் பாகாலின் 450 தீர்க்கதரிசிகளுக்கு எதிரே தனியொருவனாக நின்று, வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட எலியா, அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடுகிறான். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு வனாந்தரத்தில் ஒரு நாள் பயணம் போய், சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். பெரிய ஊழிய வெற்றிக்குப் பின் வருகிற இந்த வீழ்ச்சியை அனுபவித்தவர்களுக்கு, இதில் நாடகத்தன்மை எதுவும் இல்லை என்பது தெரியும்.

அப்போது கர்த்தர் என்ன செய்தார்? நேற்று அக்கினியைக் கண்டவன் இன்று இப்படிப் பேசலாமா என்று கேட்கவில்லை. எழும்பி ஜெபம்பண்ணு என்றும் சொல்லவில்லை. அவன் தூங்கினான், தூதன் தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான், தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். அதற்கும் கண்டனம் இல்லை. இரண்டாம் முறையும் தூதன் வந்து அதே வார்த்தையைச் சொல்லி, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று ஒன்றை மட்டும் கூட்டினான். அந்த உணவின் பலத்தில் அவன் நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான், "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி வருகிறது. காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோன பின் வந்த அமர்ந்த மெல்லிய சத்தத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அந்தச் சத்தத்திற்கு முன்னால் இருக்கிற இரண்டு தூக்கங்களையும் இரண்டு சாப்பாடுகளையும் பற்றிய பிரசங்கங்கள் அரிதாகவே காதில் விழுகின்றன. உடலைப் படைத்தவர் உடலின் வழியாகவே ஆத்துமாவைத் தேற்றத் தொடங்கினார் என்பதை ஆவிக்குரிய விஷயமாக எண்ண நமக்கு ஏனோ கூச்சமாக இருக்கிறது. (சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருவரை விடாமல் பிடித்திருந்தால் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் அந்தத் தூதனுடைய வேலையின் ஒரு பகுதிதான், ஜெபத்தையும் சிகிச்சையையும் எதிரெதிராக நிறுத்துகிற பேச்சை நான் ஏற்பதில்லை.)

ஓரேபில் நடந்தது அத்தோடு முடியவில்லை. "நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று எலியா இரண்டு முறை முறையிட, பாகாலுக்கு முழங்கால் முடக்காத ஏழாயிரம்பேர் இஸ்ரவேலில் இருக்கிறார்கள் என்று கர்த்தர் அறிவித்து, ஆசகேல், யெகூ, எலிசா ஆகிய மூவரையும் அபிஷேகம்பண்ணச் சொன்னார். இதைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டே போனால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. எலியா நேரடியாகப் போய்ச் சந்தித்ததாக நாம் வாசிப்பது எலிசாவை மட்டுமே. ஆசகேல் சீரியாவுக்கு ராஜாவாவான் என்ற செய்தியை அவனிடம் சொன்னவன் எலிசா. யெகூவை அபிஷேகம்பண்ணியவனோ, தீர்க்கதரிசிகளின் புத்திரர் எனப்பட்ட சீஷர் கூட்டத்திலிருந்து எலிசா அனுப்பிய ஒருவன். தனக்குக் கொடுக்கப்பட்ட வேலையின் பெரும்பகுதியை எலியா அடுத்த தலைமுறையின் கையில் விட்டுவிட்டுப் போனான், அதற்காக அவனை வேதம் எங்கும் குறை சொல்லவில்லை. ஓய்வைப் பற்றிப் பேசும்போது நாம் மணிநேரங்களைக் கணக்கிடுகிறோமே தவிர, எதை யாரிடம் ஒப்படைப்பது என்று யோசிப்பதில்லை. காலமுதல் சாயங்காலமட்டும் ஜனங்களுக்கு நியாயம் விசாரித்துக்கொண்டிருந்த மோசேயிடம் அவன் மாமனாகிய எத்திரோ, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று சொன்னதும் இதே காரணத்திற்காகத்தான். ஒருவர் எல்லாவற்றையும் தாமே சுமக்கும்போது, காத்துநிற்கிறவர்களும் களைக்கிறார்கள் என்பதை அந்த மீதியானிய ஆசாரியன் ஒரே நாளில் கண்டுகொண்டான்.

ஓய்வுநாள் கட்டளைக்கு வேதம் இரண்டு காரணங்களைத் தருகிறது. யாத்திராகமம் 20இல் கர்த்தர் ஆறு நாளில் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தது காரணமாகச் சொல்லப்படுகிறது. உபாகமம் 5இலோ, நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினை என்று காரணம் மாறுகிறது. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலில் இருக்கிற அந்நியன் என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போவதற்குக் காரணமும் அதுதான். ஓய்வு எடுக்கும் உரிமை யாருக்கு என்பதைவிட, தன் அதிகாரத்தின் கீழ் இருக்கிறவர்களுக்கு ஓய்வு கொடுக்கும் கடமை யாருக்கு என்பதே அங்கே அழுத்தமாகக் கேட்கிறது. எகிப்தில் என்ன நடந்தது என்பதை யாத்திராகமம் 5 சொல்கிறது: ஆராதனைக்காகச் சில நாட்கள் கேட்ட ஜனங்களுக்கு வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கை மட்டும் குறைக்காமல் கேட்ட பார்வோன், "நீங்கள் சோம்பலாயிருக்கிறீர்கள், சோம்பலாயிருக்கிறீர்கள்" என்றான். சபைக்குள் களைத்துப்போன ஒருவரைப் பார்த்து நாம் சோம்பல் என்ற சொல்லை எடுக்கிற ஒவ்வொரு முறையும், அதை எங்கிருந்து எடுக்கிறோம் என்று நினைத்துப்பார்ப்பது நல்லது.

நாம் கர்த்தருடைய நாள் என்று ஆசரிக்கிற ஞாயிற்றுக்கிழமை, சபையின் உழைப்பாளிகளுக்கு எப்படிக் கழிகிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். போதகர், அவருடைய மனைவி, பாடகர் குழு, ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், ஒலிபெருக்கியைக் கவனிக்கிறவர், நாற்காலிகளை அடுக்குகிறவர் ஆகிய எல்லாருக்கும் வாரத்திலேயே கடினமான நாள் அதுவாகத்தான் இருக்கிறது. அவர்களுக்கு வேறொரு நாள் உண்மையிலேயே ஒழிந்திருக்கிறதா என்று எந்தச் சபைக் கமிட்டியாவது விசாரித்துத் தீர்மானம் எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. கொடுக்கப்படாத ஓய்வைக் கர்த்தர் மறப்பதில்லை என்பதற்கு 2 நாளாகமம் 36 சாட்சியாக நிற்கிறது: ஜனங்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன எழுபது வருஷமும் பாழாய்க் கிடந்த காலமெல்லாம் தேசம் தன் ஓய்வுநாட்களை அனுபவித்தது என்று அங்கே எழுதியிருக்கிறது. மண்ணுக்கே அப்படியென்றால் மனிதருக்கு?

இதற்கு வருகிற மறுப்பு எனக்குத் தெரியும். பவுல் ஓய்ந்திருந்தாரா, அறுப்பு மிகுதி வேலையாட்கள் கொஞ்சம் அல்லவா, துருப்பிடித்துப் போவதைவிடத் தேய்ந்துபோவது மேலல்லவா என்று கேட்பார்கள். பவுலின் பாடுகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பவுலின் ஆண்டவர், படவு நிரம்பத்தக்கதாக அலைகள் மோதியபோதும் தலையணை வைத்து நித்திரையாயிருந்தவர். அதிகாலையில் இருட்டோடே வனாந்தரமான இடத்திற்குப் போய் ஜெபித்தவர். "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்று சீமோன் பின்தொடர்ந்து வந்து சொன்னபோது, தேடினவர்களிடம் திரும்பிப் போகாமல் அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றவர். கப்பர்நகூமில் அன்று காத்திருந்தவர்களில் நோயாளிகளும் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது, அவர் திரும்பிப் போக மறுத்தது எவ்வளவு கடினமானது என்பது புரிகிறது. தேவை இருக்கிறது என்ற ஒன்றே அழைப்பாகிவிடாது என்பதை அவர் அறிந்திருந்தார். நாலாம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்த அந்தோனியாரைப் பற்றியும் ஒரு பழங்கதை உண்டு. அவர் சகோதரரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டு முகம் சுளித்த வேடனிடம், வில்லை வளைக்கச் சொன்னார்; இன்னும் வளை, இன்னும் வளை என்று சொல்லிக்கொண்டே போக, இதற்குமேல் வளைத்தால் வில் முறிந்துவிடும் என்றான் வேடன். சகோதரரின் நிலையும் அதுதான் என்றார் அவர்.

ஆனாலும் எல்லாச் சோர்வுக்கும் ஓய்வுதான் மருந்து என்று சொல்லிவிட்டால், நான் எதிர்க்கிற அதே தவறை மறுபக்கமிருந்து செய்ததாகும். அந்தோனியாருக்கு அடுத்த தலைமுறையில் அதே வனாந்தரத்தில் வாழ்ந்து 399இல் இறந்த எவாகிரியுஸ் என்ற துறவி, நண்பகலில் வந்து தாக்குகிற ஒருவிதச் சலிப்பை நுட்பமாக விவரித்தார். சூரியன் நகராததுபோல் தோன்றும், பகலுக்கு ஐம்பது மணிநேரம் இருப்பதுபோல் இருக்கும், கண் அடிக்கடி சன்னலுக்குப் போகும், இருக்கிற இடமே வெறுத்துப்போகும். அதற்கு அவர் சொன்ன மருந்து, அறையை விட்டு ஓடாமல் பொறுமையோடு தங்கியிருப்பது. அன்று சன்னலுக்குப் போன கண் இன்று கைப்பேசிக்குப் போகிறது. நாள் முழுவதும் அதில் பிரசங்கத் துணுக்குகளையும் வாக்குத்தத்த அட்டைகளையும் தள்ளிக்கொண்டிருப்பது இளைப்பாறுதலைப் போலத் தோன்றினாலும், எழும்போது மனம் முன்பைவிடக் களைத்திருக்கிறது. இயேசு சபைத் துறவியரின் நிறுவனரான லொயோலா இக்னேஷியஸ் 1548இல் அச்சான தம் ஆன்மிகப் பயிற்சிகளில், ஆறுதலற்ற காலத்தில் முன்பு எடுத்த தீர்மானங்களை மாற்றாதே என்று எச்சரிப்பதோடு, ஜெபத்தைச் சற்றுக் கூட்டவும் சொல்கிறார். அதுவும் சிலருக்குச் சரியான மருந்தே. இவை தவிர, நம் குற்றம் எதுவுமின்றித் தேவனே நடத்துகிற இருளும் உண்டு என்று ஸ்பானியத் துறவி சிலுவை யோவான் எழுதினார். அவர் 1577 முதல் 1578 வரை டொலேடோவில் சிறைப்பட்டிருந்தார். அடைத்து வைத்தவர்கள் அவருடைய சொந்தத் துறவறச் சபையினரே. ஆகவே ஒருவர் களைத்திருக்கிறாரா, சலித்திருக்கிறாரா, நோயுற்றிருக்கிறாரா, அல்லது இருளின் வழியாக நடத்தப்படுகிறாரா என்று அருகே உட்கார்ந்து கேட்காமல், எல்லாருக்கும் ஒரே சீட்டு எழுதிக்கொடுப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

உண்மையிலேயே களைத்தவருக்கு என்ன சொல்வேன் என்று கேட்டால், பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. முதலில் தூங்குங்கள், தமக்குப் பிரியமானவனுக்கு அவர் நித்திரை அளிக்கிறார் என்று 127ஆம் சங்கீதம் சொல்கிறது. பிரசங்கத்திற்கும் பாடம் எடுப்பதற்கும் குறிப்பெடுக்காமல் வேதத்தை வாசியுங்கள். ஒரு சங்கீதம் போதும், அதையும் மெதுவாக. ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் 88ஆம் சங்கீதத்தை உங்கள் ஜெபமாக்கிக்கொள்ளுங்கள். அது இருளிலேயே முடிகிறது, அப்படி முடிகிற ஜெபத்தையும் தேவஜனம் தன் பாட்டுப் புத்தகத்தில் வைத்துக்கொண்டது. ஒரு பொறுப்பையாவது இன்னொருவரிடம் ஒப்படையுங்கள். அவர் உங்களைப்போல் நன்றாகச் செய்யமாட்டார் என்றாலும் ஒப்படையுங்கள். கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் புதுப்பெலன் அடைவார்கள் என்ற ஏசாயாவின் வாக்கு, காத்திருத்தலை ஒரு செயலாகவே மதிக்கிறது.

சபையை நடத்துகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் நேரடியானது. களைத்தவர்கள் தாங்களாகவே வந்து ஓய்வு கேட்க மாட்டார்கள். கேட்டால் விசுவாசத்தில் குறைந்தவர்களாக எண்ணப்படுவோமோ என்று பயப்படுவார்கள். மாற்கு 6இல் அப்போஸ்தலர்கள் திரும்பிவந்து தாங்கள் செய்த யாவையும் அறிவித்தபோது, சாப்பிடவும் அவர்களுக்குச் சமயமில்லாததைக் கண்டு, சற்றே இளைப்பாறும்படி வாருங்கள் என்று அழைத்தவர் இயேசுதான், அவர்கள் கேட்கவில்லை. அந்த ஓய்வு கைகூடாமல் ஜனக்கூட்டம் முந்திக்கொண்டது, ஐயாயிரம்பேரைப் போஷிக்க வேண்டியதாயிற்று. அது முடிந்தவுடன் அவர் சீஷர்களைத் துரிதப்படுத்திப் படவில் ஏற்றி முன்னே அனுப்பினார் (அன்று இரவு அவர்களுக்குக் காற்று எதிராயிருந்தது என்பது வேறு விஷயம்). ஜனங்களை அனுப்பிவிடுகிற வேலையை அவர்கள்மேல் வைக்காமல் தாமே செய்துமுடித்து, அதன் பிறகே ஜெபம்பண்ண மலைக்கு ஏறினார்.