2022 தோல்விக்கு ஜோஷ் ஆலன் காரணமா?
அமெரிக்கக் கால்பந்தில் பஃபலோ பில்ஸ் அணியின் குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர், ஜோஷ் ஆலன். “பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) என்றாலே ஆலனுக்குக் கை நடுங்கும், 2022 ஜனவரியில் கான்சாஸ் சிட்டி அணியிடம் பஃபலோ பில்ஸ் தோற்றது அவரால்தான்” என்று எதிரணி ரசிகர்கள் பரப்புவது தவறு.

அன்று அமெரிக்கக் கால்பந்தில் ஒரு குவாட்டர்பேக் செய்யக்கூடியதையெல்லாம் அவர் செய்தார். வீச்சில் 329 யார்டு, 4 டச்டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு தாண்டி எடுக்கும் புள்ளிகள்), ஒரு வீச்சுகூட எதிரணி கைக்குப் போகவில்லை. 13 விநாடி மிச்சமிருந்தபோது பஃபலோ 36-33 என முன்னிலை. அந்த 13 விநாடியில் கான்சாஸ் சிட்டியை 36-36 எனச் சமன் செய்ய விட்டது பஃபலோவின் தடுப்பு வரிசை, ஆலன் அல்ல.

அப்புறம் கூடுதல் நேரம். முதல் வாய்ப்பில் டச்டவுன் எடுத்தால் ஆட்டம் அங்கேயே முடியும் என்பது அன்றைய விதி; டாஸ் வென்ற கான்சாஸ் சிட்டி அப்படியே எடுத்து 42-36 என முடித்தது. ஆலனிடம் பந்தே வரவில்லை! அந்த மார்ச்சிலேயே பிளேஆஃப் விதி மாறி, இரு அணிக்கும் ஒரு வாய்ப்பு உறுதியானது.

சரி, 2021 முதல் 2025 வரை பிளேஆஃபில் அதே அணியிடம் நான்கு முறை தோற்றிருக்கிறார், அது உண்மை. இந்த ஆட்டத்தை மட்டும் அவர் தலையில் கட்டுவது அநியாயம்.