‘தேடினா கிடைக்கும்’னு சொல்றவங்களுக்கு

இடுப்பில் குழந்தையோடு, ஃபீஸுக்கு ஸ்காலர்ஷிப் கேட்டு வந்த கல்லூரி மாணவியை ஒரு கிளார்க் திருப்பி அனுப்பினாரே, அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எல்லாரும் பார்த்தாச்சு, ஆளாளுக்குத் தீர்ப்பும் சொல்லியாச்சு. ஆனால் கீழே வந்த கமெண்டுகளில் பாதிக்கு மேல் ஒரே வசனம்: “அரசாங்கத்துல ஆயிரத்தெட்டு ஸ்காலர்ஷிப் இருக்கு, தேடினா கிடைக்கும்.” அந்த கிளார்க் பேசினதைவிட எனக்கு இதுதான் சுட்டது. “புருஷன் சம்பாதிக்கிறாரில்ல, அவரைக் கட்டச் சொல்லும்மா” என்று அவர் சொன்னது தப்புதான். ஆனால் அவருக்கு முன்னால் நீள வரிசை, பின்னால் தொங்கிப்போன சர்வர். கமெண்ட் போட்ட உங்களுக்கு என்ன அவசரம்? நிதானமாக உட்கார்ந்துதானே டைப் பண்ணினீர்கள்?

சரி, தேடினா கிடைக்கும். வாங்க, தேடுவோம்.

அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீடு கொழிஞ்சாம்பாறை பக்கம், கட்டிக் கொடுத்தது பொள்ளாச்சி பக்கம். கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாமன் மச்சான்தான். 1956-ல் எல்லைக் கோடு போட்டவர்கள் கல்யாணத் தரகரைக் கேட்டுக்கொண்டா போட்டார்கள்? கணவருக்குத் தேங்காய் மண்டியில் கூலி. இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் சீட்டு.

எல்லாரும் முதலில் சொல்வது தமிழ்நாட்டு அரசின் புதுமைப்பெண் திட்டம். மாதம் ஆயிரம் ரூபாய், நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். தாலிக்குத் தங்கம் கொடுத்துக்கொண்டிருந்த திட்டத்தைத்தான் 2022-ல் படிப்புக்கு மாற்றினார்கள். ஆனால் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்கணும். பிறகு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். இவர் படித்ததும் அரசுப் பள்ளிதான், தமிழ் மீடியம்தான். பள்ளிக்கூடம் இருப்பது கேரளத்தில். அதோடு சரி.

இவர் எஸ்.சி. ஆகவே அடுத்தது, பத்தாவதுக்கு மேல் படிக்கிற எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப். வருமான வரம்பு 2.5 லட்சம். எந்த மாநிலத்தில் படித்தாலும் பணம் தர வேண்டியது சொந்த மாநிலம். வாக்கப்பட்டு வந்துவிட்டதால் தமிழ்நாட்டு எஸ்.சி. ஆகிவிட முடியாது. மாநிலம் மாறினால் அந்தச் சலுகை கூடவே வராது என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே சொல்லியது, 2018-ல் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதி செய்தது. ஆகவே அவர் போக வேண்டியது கேரளத்து ஸ்காலர்ஷிப் தளமான இ-கிராண்ட்ஸுக்கு. சாதிச் சான்று அப்பா பெயரில், பிறந்த ஊர் தாலுகா ஆபீஸில். அங்கே போனால் ரேஷன் கார்டு எங்கே என்பார்கள். கார்டில் பெயர் இருப்பது மாமியார் வீட்டில். “நிங்ஙள் இப்போ இவிடெ தாமசமில்லல்லோ?” (நீங்க இப்போ இங்கே குடியிருக்கலையே?) என்று ஒரே கேள்வி, அக்ஷயா சென்டர் என்கிற அவர்கள் ஊர் இ-சேவை மைய வாசலிலேயே கதை முடிந்தது.

வருமானச் சான்று இன்னொரு கூத்து. கல்யாணமாகி வேலைக்குப் போகாத மாணவிக்குக் கணவர் வருமானத்தை மட்டும் பார்க்கணும், வீட்டில் வேறு யார் சம்பாதித்தாலும் சேர்க்கக் கூடாது. போஸ்ட் மெட்ரிக் விதிகளில் நெடுங்காலமாக இருக்கிற வரி இது. நடப்பது என்ன? கார்டில் மாமனார் பெயரும் கொழுந்தன் பெயரும் இருக்கும். எல்லாருடைய சம்பாத்தியத்தையும் கூட்டி எழுதி, வரம்புக்கு மேலே தள்ளிவிடுவார்கள். முதலில் கார்டைப் பிரியுங்கள், பிறகு வருமானச் சான்றுக்குப் போடுங்கள். வரிசை மாறினால் அலைச்சல்தான். ஆக, சாதிச் சான்று ஒரு மாநிலத்துத் தாசில்தார், வருமானச் சான்று இன்னொரு மாநிலத்துத் தாசில்தார், விண்ணப்பம் ஒன்று. இத்தனை கட்டம் இருக்கிற ஃபாரத்தில் குழந்தைக்கு ஆகும் செலவைக் கழிக்க ஒரு கட்டம் கிடையாது. கணவன் கூலி கணக்கில் வரும், குழந்தையின் பால் வராது.

தேடினா கிடைக்குமாம்.

இனிஷியலுக்கு வருவோம். கேரளத்து மார்க் லிஸ்டில் பெயருக்குப் பின்னால் அப்பா இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் பெயருக்கு முன்னால் புருஷன் இனிஷியல். கம்ப்யூட்டருக்கு இவர்கள் இரண்டு பேர். பெண்பிள்ளைகளே, ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு தடவைதான் மாற்ற முடியும். படிப்பு பாக்கி இருந்தால் மார்க் லிஸ்டில் இருக்கிற மாதிரியே ஆதாரை வைத்துக்கொள்ளுங்கள், முகவரியை மட்டும் மாற்றுங்கள். மாமியார் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பேங்கும் அப்படித்தான். பாஸ்புக் ஜெராக்ஸ் கொடுத்துவிட்டால் அந்தக் கணக்குக்கே பணம் வரும் என்று நினைக்கிறார்கள். ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்த பேங்கில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் போகும். எப்போதோ கேஸ் மானியத்துக்காகத் திறந்த கணக்காக இருக்கும், இரண்டு வருஷம் தொடாததால் முடங்கியும் இருக்கும். மை-ஆதார் தளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். விண்ணப்பம் போடும் முன் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கட்டணம் போக, சாதாரண பி.ஏ., பி.காம். படிப்புக்கு வருஷப் படி ஹாஸ்டல் மாணவிக்கு 6,000, வீட்டிலிருந்து போகிறவருக்கு 3,000. குழந்தையோடு எந்த ஹாஸ்டலில் சேர்ப்பார்கள்? ஆக, பிள்ளை பெற்றவருக்கு எப்போதும் 3,000-தான். மாதம் 250 ரூபாய். அதுவும் கல்லூரி முதல் மாதமே ஃபீஸ் கேட்கும், பணம் வருஷக் கடைசியில் வந்தால் அதிர்ஷ்டம்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் பெண்கள் அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் மூன்று வருஷ இளங்கலை படித்தால் உதவித்தொகைக்கு வருமான நிபந்தனையே கிடையாது. முதுகலைக்கும் தொழிற்படிப்புக்கும்தான் 2.5 லட்சக் கணக்கு. ஆனால் அதே கட்டடத்தில் அரசு உதவி இல்லாத ‘செல்ஃப் பைனான்ஸ்’ வகுப்பும் நடக்கும். சேரும்போதே இது எய்டட் (அரசு உதவி பெறும்) வகுப்பா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள்.

இனி கமெண்டில் வாதாடுகிற நம்ம வக்கீல்கள். “லோன் வாங்கலாமே.” வாங்கலாம். 4 லட்சம் வரை நம் பங்காகக் கைப்பணமும் போட வேண்டாம், சொத்தும் ஈடு வைக்க வேண்டாம். கல்யாணமானவர் என்றால் கணவரோ மாமனார் மாமியாரோ கூடக் கையெழுத்துப் போடலாம் என்று விதியிலேயே இருக்கிறது. கிளையில் ‘அப்பாவைக் கூட்டிட்டு வா’ என்றால் இதைச் சொல்லுங்கள். ஆனால் லோனில் ஃபீஸ், புத்தகம், லேப்டாப் எல்லாம் எழுதலாம், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவருக்குக் கொடுக்கிற காசை எழுத இடமில்லை.

“தபால்ல படிக்க வேண்டியதுதானே.” எல்லாப் படிப்பும் தபாலில் வருமா? நர்சிங்கைத் தபாலில் படித்தவர் உங்களுக்கு ஊசி போட வந்தால் கையை நீட்டுவீர்களா?

“போலிச் சான்று கொடுக்கிறவங்க இருக்காங்க, அதான் கெடுபிடி.” இருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். போலி கொடுக்கிறவன் எல்லாப் பேப்பரும் கச்சிதமாக வைத்திருப்பான். மாட்டுவது நிஜமானவர்கள்தான்.

“படிக்கணும்னா கல்யாணத்துக்கு முன்னாடி படிச்சிருக்கணும்.” இதை எழுதினவர்களில் சிலர் எனக்குத் தெரிந்தவர்கள். பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த வாரமே பெண் பார்க்கப் போனது நீங்கள்தானே ஐயா? ‘மேல படிக்க வைக்கிறோம்’ என்று தாம்பூலம் மாற்றும்போது சொன்னதும் நீங்கள்தானே? உங்கள் வீட்டு மருமகள் சர்டிபிகேட் எந்த பீரோவில் இருக்கிறது, யாரிடம் சாவி இருக்கிறது? ஆம்பளைப் பையன் அப்பா ஆனபிறகு பார்ட் டைமில் எம்.பி.ஏ. படித்தால் ‘குடும்பப் பொறுப்போட படிக்கிறான்’ என்று ஸ்டேட்டஸ் வைக்கிறீர்கள். இவள் படித்தால் மட்டும் குழந்தை பாவமா?

ஐம்பது பேர் வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்கணும் என்று சட்டம் இருக்கிறது. ஐந்நூறு பெண்கள் படிக்கிற கல்லூரியில் மாணவிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, மாணவி ஊழியர் இல்லை. மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பும் வருகைச் சலுகையும் கொடுங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2021-ல் கடிதம் எழுதியது. கேரளப் பல்கலைக்கழகங்களில் 2023-ல் விடுப்பு வந்தது. அந்த விஷயத்தில் கோட்டுக்கு அந்தப் பக்கம் பரவாயில்லை. ஆனால் அந்த விடுப்பு பிள்ளை பெறுகிற நேரத்துக்குத்தான். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதே 75 சதவீத வருகை, அதே கையெழுத்து, அதே கிளார்க்.

கடைசியாக, “லிங்க் அனுப்பறேன் சிஸ்டர், ட்ரை பண்ணுங்க” என்று எழுதின அன்பருக்கு. லிங்க்கைத் திறந்து பார்த்தேன். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான ப்ரீ மெட்ரிக். அந்தக் குழந்தை இன்னும் அங்கன்வாடியிலேயே சேரவில்லை. ஒன்பதாவது போகட்டும், கண்டிப்பாக அப்ளை பண்ணச் சொல்கிறேன்.