உள்நாட்டு விவகாரம் எண்டு என்னட்ட சொல்லாதேங்கோ

சனிக்கிழமை கொழும்பு வெள்ளவத்தையில ஒரு கூட்டத்தில ஒரு ஐயா 1971 வங்கதேச யுத்தத்தைப் பற்றிக் கதைக்க, நான் எழும்பிக் கத்தினதைப் பற்றி எழுதுறேல்ல எண்டுதான் இருந்தனான். வீடியோ பாத்தாக்களுக்குத் தெரியும். ஆனா ரெண்டு நாளா இன்பொக்ஸில "அக்கா ஏன் அவ்வளவு கோவப்பட்டனீங்கள், அந்த ஐயா சரித்திரம்தானே சொன்னவர்" எண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வருது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் போட எனக்கு ஏலாது, அதால இங்கயே எழுதுறன்.

ஐயா சொன்னது 1971 யுத்தம் நியாயமில்லாத யுத்தம் எண்டு. கிழக்குப் பாகிஸ்தானில, அதாவது இப்பத்தைய வங்கதேசத்தில, நடந்தது பாகிஸ்தானின்ட உள்நாட்டு விவகாரமாம், அதுக்குள்ள இந்தியா போனது ஆக்கிரமிப்பாம். ஹோலில அரைவாசிப் பேர் கைதட்டினவை. வெள்ளவத்தையில, எங்கட தமிழ் ஆக்கள், உள்நாட்டு விவகாரம் எண்ட சொல்லுக்குக் கைதட்டினவை. எனக்கு அதுதான் தாங்கேல்ல. நான் எழும்பினதும் "தங்கச்சி, உணர்ச்சிவசப்படாமக் கதையுங்கோ" எண்டார். சரி, உணர்ச்சியை வச்சிட்டு நடந்ததைச் சொல்றன்.

1970 டிசம்பரில தேர்தல். கிழக்கில இருந்த 162 தொகுதியில 160 வங்காளியளின்ட கட்சியான அவாமி லீக்குக்கு. முழுப் பாகிஸ்தானிலயும் பெரும்பான்மை அவங்களுக்குத்தான், அதின்ட தலைவர் ஷேக் முஜிபுர் ரஹ்மான் பிரதமரா வந்திருக்கோணும். பாகிஸ்தானை ஆண்ட ஜெனரல் யாஹ்யா கான் சபையைக் கூட்டாமத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். மார்ச் 25 ராத்திரி டாக்கா பல்கலைக்கழகத்துக்குள்ள பாகிஸ்தான் ஆமி போகுது, ஜகன்னாத் ஹோல் எண்ட விடுதிக்குள்ள போய் மாணவர்களைச் சுடுது. அதுக்குப் பிறகு ஒன்பது மாசம். ஒரு கோடிக்குக் கிட்ட சனம் எல்லை தாண்டி இந்தியாவுக்குள்ள ஓடினது. 71ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில எங்கட நாட்டின்ட மொத்தச் சனத்தொகையே ஒரு கோடி இருபத்தேழு லட்சம்தான். அப்ப பருத்தித்துறையில இருந்து தெய்வேந்திரமுனை வரைக்கும் பத்துப் பேரில எட்டுப் பேர் வீட்டைப் பூட்டிப்போட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கினம் எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. இவ்வளவு பேர் பக்கத்து வீட்டு முத்தத்தில வந்து படுத்த பிறகும் அது உள்வீட்டுப் பிரச்சினையோ?

இந்தச் சொல்லு எனக்குப் புதுசில்லை. 83 ஜூலைக் கலவரத்தில எனக்கு ஒன்பது வயசு. தெஹிவளையில முன்வீட்டு அன்ரி, சிங்கள ஆள், எங்களை ரெண்டு ராத்திரி தன்ட அறையில வச்சுப் பூட்டினவ, பிறகு ரத்மலானையில முகாமுக்குப் போனம். அம்மான்ட கையில ஒரு பிரஷர் குக்கர் மட்டும்தான். அதுக்குள்ள தாலிக்கொடி, எங்கட பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், தம்பின்ட பால்மாப் பைக்கற் ஒண்டு. நித்திரையிலயும் அந்தக் குக்கர்ப் பிடியை விடமாட்டா. அங்க ஒராள்ட்ட சின்ன ரேடியோ ஒண்டு இருந்தது, ஆம்பிளையள் சுத்தி நிண்டு கேப்பினம், இந்திய வெளிவிவகார அமைச்சர் நரசிம்ம ராவ் கொழும்புக்கு வந்திட்டாராம் எண்டு ஒருத்தர் சத்தமா சொன்னார். அம்மா முதல் முதலா அழுதது அப்பதான். அந்த மனுசன் என்ன லாபத்துக்கு வாறார், இந்தியாவின்ட உள்நோக்கம் என்ன எண்டு அந்த இடத்தில ஒருத்தரும் கேக்கேல்ல. பக்கத்து நாட்டில இருந்து யாரோ வந்து "என்ன நடக்குது" எண்டு கேக்கினம், அவ்வளவும் போதும் எங்களுக்கு. அதுக்குப் பிறகு 2009 வரைக்கும் உள்நாட்டு விவகாரம், உள்நாட்டு விவகாரம் எண்டு இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே வளந்தனான். எங்களில ஒருத்தரே மைக்கைப் பிடிச்சு அதைச் சொல்லேக்க நான் எப்பிடி இருக்கிறது?

"இந்தியா வங்காளியளைக் காப்பாத்தப் போகேல்ல, பாகிஸ்தானை உடைக்கத்தான் போனது" எண்டு நீங்கள் சொல்லுவீங்கள், தெரியும். எனக்கும் அது விளங்கும். இந்திரா காந்திக்கு அதில லாபம் இருந்தது. டிசம்பர் 3 பின்னேரம் பாகிஸ்தான் பிளேன்கள் இந்திய விமானத் தளங்களில குண்டு போட்டுத்தான் பகிரங்கமா யுத்தம் தொடங்கினது, ஆனா அதுக்கு முதல் நவம்பரிலயே இந்திய ஆமி எல்லைக்குள்ள கால் வச்சிட்டுது எண்டதும் தெரியும். வங்காளியளின்ட விடுதலைப் படையான முக்தி பாஹினிக்கு ஆயுதமும் பயிற்சியும் குடுத்ததும் தெரியும். எல்லாம் தெரிஞ்சுதான் சொல்றன், அந்த யுத்தம் நியாயம். லாபம் இல்லாத வேற யார் வந்தவை? டாக்காவில இருந்த அமெரிக்கக் கொன்சல் ஜெனரல் ஆர்ச்சர் பிளட், ஏப்ரல் மாசமே தன்ட சொந்த அரசாங்கத்துக்கு எதிரா, நீங்கள் வாய் திறக்காம இருக்கிறது பிழை எண்டு தந்தி அனுப்பினவர். நிக்சனும் கிசிஞ்சரும் அந்த மனுசனைத்தான் அங்க இருந்து தூக்கினவை. டிசம்பரில அமெரிக்காவின்ட ஏழாவது கடற்படையின்ட கப்பல் வங்காள விரிகுடாவுக்கு வந்ததும் அகதியளுக்காக இல்லை. ஐநா பொதுச்சபையில 104 நாடு சண்டையை நிப்பாட்டுங்கோ எண்டு வாக்குப் போட்டது டிசம்பர் 7. மார்ச்சில போடேல்ல, ஒரு கோடி பேர் ஓடேக்க போடேல்ல. அண்டைக்கு அப்பிடியே நிப்பாட்டியிருந்தா டாக்காவில ஆர் ஆண்டிருப்பாங்கள் எண்டு யோசியுங்கோ.

டிசம்பர் 14, பாகிஸ்தான் ஆமி சரணடையிறதுக்கு ரெண்டே ரெண்டு நாள் இருக்கேக்க, பேராசிரியர்மாரையும் டொக்டர்மாரையும் பத்திரிகைக்காரரையும் வீட்டு வாசலில வச்சுக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய்க் கொலை செய்தவங்கள். தோக்கப் போறம் எண்டு தெரிஞ்ச ஆக்கள் செய்தது அது. சுத்தமான மனசோட ஒருத்தர் வரட்டும் எண்டு இன்னும் ஒரு வருசம் பொறுத்திருந்தா மிச்சம் யார் இருந்திருப்பினம்?

"நாங்கள் சின்ன நாடு, எங்களுக்கு ஏன் இது" எண்டு ஒருத்தர் கமெண்ட் போட்டிருந்தவர். தம்பி, எங்களுக்கும் அதுக்கும் தொடர்பு இருக்கு. 71 ஜனவரியில கங்கா எண்ட இந்தியப் பிளேனை லாகூருக்குக் கடத்தின பிறகு இந்தியா தன்ட வான்வழியைப் பாகிஸ்தானுக்கு மூடினது. அதுக்குப் பிறகு பாகிஸ்தான் பிளேன்கள் இந்தியாவைச் சுத்தி வந்து எங்கட கட்டுநாயக்காவில எண்ணெய் அடிச்சிட்டுத்தான் டாக்கா போனது. அப்பான்ட சிநேகிதர் ஒருத்தர் அப்ப அங்க வேலை. சாதாரண உடுப்போட இறங்கி நிண்ட பெடியள் எல்லாருக்கும் ஒரே மாதிரி தலைமயிர் வெட்டியிருந்தது எண்டு அவர் சாகும் வரைக்கும் சொல்லுவார். அப்ப பிரதமரா இருந்த சிறிமாவோ அம்மையாருக்கு அண்டைக்கு ஜேவிபியின்ட ஏப்ரல் கிளர்ச்சி, இந்தியாவும் ஹெலிகொப்டர் அனுப்பினது, பாகிஸ்தானும் அனுப்பினது, ரெண்டு பக்கத்தையும் பகைக்க ஏலாது. விளங்குது. ஆனா எண்ணெய் குடுத்த ஊரில இருந்துகொண்டு எங்களுக்கு என்ன எண்டு மட்டும் கேக்காதேங்கோ.

செத்த கணக்கைக் கூட்டிச் சொல்லியிருக்கு எண்டு ஒரு வாதம். வங்கதேசம் 30 லட்சம் எண்டுது, வேற ஆக்கள் அதை விடக் குறைவா சொல்லினம். குறைவாச் சொல்ற ஆய்வாளரில கன பேர் சொல்றதும் லட்சக்கணக்குத்தான். நான் அதுக்கு மேல கணக்குப் பாக்கமாட்டன். கிழக்கில இருந்த, உருது பேசின பிஹாரியளுக்கு வங்காளியளால நடந்தது அநியாயம், அவையின்ட பிள்ளையள் டாக்காவில ஜெனீவா காம்பில வளந்ததுகள், 2008இல கோட் சொல்லித்தான் குடியுரிமை உறுதியானது. அதையும் ஐயா சொல்லியிருக்கலாம், சொல்லேல்ல.

இப்ப எல்லாரும் காத்திருக்கிற கேள்வி. "அப்ப 87இல இந்திய ஆமி எங்கட்ட வந்ததும் நியாயமோ?" ஹோலில பின்னுக்கு இருந்து ஒரு பெடியன் இதைத்தான் கத்தினவன், எல்லாரும் சிரிச்சவை.

என்ட சித்தப்பா 87 ஒக்டோபரில யாழ்ப்பாணத்தில, கிணத்தடியில, ஷெல் விழுந்து செத்தவர். கப்பியில வாளி பாதியில தொங்கிக்கொண்டு நிண்டதாம், ரெண்டு நாளா ஒருத்தரும் அதை இழுக்கேல்ல. யாற்ற ஷெல் எண்டு சின்னம்மா இண்டை வரைக்கும் வாய் திறந்து சொன்னதில்லை, நாங்களும் கேக்கிறேல்ல. எனக்கு இந்தியாவில பாசம், அதால கதைக்கிறன் எண்டு நினைக்கிறாக்கள் அந்தக் கிணத்தடியில வந்து நிண்டு சொல்லுங்கோ. வங்கதேசத்தில டிசம்பரில ஜெயிச்ச ஆமி 72 மார்ச்சில வெளிக்கிட்டுது. எங்கட்ட ஜூலையில வந்த ஆமி ஒக்டோபரில எங்கட சனத்துக்குள்ளயே சண்டை பிடிச்சு 90 மார்ச்சிலதான் போனது. ரெண்டும் ஒண்டில்லை. 87 எங்களை எரிச்சது எண்டதுக்காக 71இல காப்பாத்தப்பட்ட சனம் காப்பாத்தப்படேல்ல எண்டு நான் சொல்லமாட்டன். சின்னம்மாவே சொல்லமாட்டா. அவவிட்ட ஞாயித்துக்கிழமை ஃபோன் எடுத்துக் கேட்டனான். கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு, "அந்தச் சனத்துக்கு ஆரோ வந்தவைதானே பிள்ளை" எண்டு மட்டும் சொன்னவ.

அங்க வச்சு நான் இதைத்தான் சொல்ல எழும்பினனான், வாளி எண்ட சொல்லு வந்த உடன தொண்டை அடைச்சிட்டுது, அதைத்தான் ஐயா உணர்ச்சிவசப்படுறது எண்டவர். எல்லாரும் ஷெயார் பண்ற வீடியோ நான் கத்தின இடத்தோட முடியுது. பிறகு ரெண்டு நிமிசம் கதைச்சனான். முழு வீடியோவும் வச்சிருக்கிறவர் தயவுசெய்து அந்த ரெண்டு நிமிசத்தையும் போடுங்கோ.